மூன்றாவது கேள்வி: புது ஆசிரியரை மட்டம் தட்டும்போது பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்யலாம்?

பள்ளிக்குப் புதிதாக வரும் டீச்சரிடம் ஸ்டாஃப் ரூமில் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மேஜர்?" இரண்டாவது, "சொந்த ஊர் எது?" ஊர்ப் பெயரைச் சொன்னதும் யாராவது ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவதைக் கேட்பார்: "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?"

வேலூர்ப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயா, தலித் மக்கள் குடியிருக்கும் காலனியா என்பதுதான் கேள்வி. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் மூன்றாவது கேள்விக்கு அந்தச் சொல் தேவைப்படுவதே இல்லை. 'எந்தப் பக்கம்' என்றால் போதும்.

பதிலைப் பொறுத்து அடுத்த ஒரு வருடம் அந்த டீச்சருக்கு எப்படிப் போகும் என்பது பாதி முடிவாகிவிடும். நான் 22 வருடமாக அறிவியல் நடத்துகிறேன். அந்தக் கேள்வி கேட்கப்பட்டதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டுதான். அதனால் இதைப் பாதிக்கப்பட்டவருக்காக எழுதவில்லை, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதுகிறேன். துன்புறுத்தல் என்றால் என்ன, பாகுபாடு என்றால் என்ன, பார்த்துக்கொண்டிருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கண்டிப்பு எது, சீண்டல் எது

தமிழில் இதற்குச் சொற்கள் நிறைய உண்டு. கேலி, கிண்டல், சீண்டல், ஒதுக்குதல், மட்டம் தட்டுதல். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல் இல்லாததால் 'புல்லியிங்' என்ற சொல்லையே இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். 'ராகிங்' நமக்குப் பழகிய சொல். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டது. அது மாணவர்களுக்கானது. மாணவனை மாணவன் படுத்தினால் சட்டத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது. ஆசிரியரை ஆசிரியர் படுத்தினால் அப்படி ஒரு தனிப்பெயர் இல்லை, வேறு சட்டங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதை அப்புறம் சொல்கிறேன்.

நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களில் பள்ளிப் பிள்ளைகளிடையே இதை ஆராய்ந்தார். அவர் சொன்ன மூன்று அடையாளங்கள்தான் இன்றும் எல்லாரும் எடுத்துக்கொள்வது. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவர் கை ஓங்கியும் படுபவர் கை தாழ்ந்தும் இருப்பது. பிள்ளைகளுக்குச் சொன்னாலும் ஸ்டாஃப் ரூமுக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

எல்லாரிடமும் திங்கள்கிழமை பாடக்குறிப்பேட்டைக் கேட்கிற ஹெச்.எம். கண்டிப்பானவர், அவ்வளவுதான். ஒரே ஒருவர் குறிப்பேட்டை மட்டும் மூன்று வாரமாகச் சிவப்பு மையில் சுழித்து, மற்றவர்கள் பார்க்கிற மாதிரி மேஜை மேல் விரித்து வைத்தால் அது வேறு. புது டீச்சருக்கு டைம்டேபிளில் ஒன்றிரண்டு கடைசிப் பீரியட் வருவது சகஜம். வாரம் ஐந்து நாளும் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவின் கடைசிப் பீரியட், யார் லீவு போட்டாலும் சப்ஸ்டிட்யூஷன் அவருக்கே என்றால் அது சகஜமில்லை.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் அவரைச் சேர்க்க மாட்டார்கள். நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லி அதில் செய்தி போகும். காலையில் அவர் வழக்கமான நேரத்துக்கு வந்து நிற்பார். "குரூப்ல போட்டோமே டீச்சர், பாக்கலையா?" என்று ஒருவர் கேட்பார், குரலில் அவ்வளவு அக்கறை இருக்கும். ஒரு தடவை நடந்தால் மறதி. நான்காவது தடவைக்கு மறதி என்று பெயரில்லை.

நம் ஊரில் இனவெறி எந்த உடுப்பில் வரும்

இனவெறி என்றதும் வெள்ளையர், கறுப்பர் என்று வெளிநாட்டுக் காட்சிகள்தான் மனதில் வரும். பிறப்பை வைத்து ஒருவரைக் கீழே வைப்பது என்ற பொருளில் பார்த்தால், இங்கே அது முதலில் சாதியாக வரும். பழங்குடியினர் என்றால் ஒரு படி கூடவே வரும். நிறமாக வரும். பேச்சாக வரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருதுச் சாயலும், ஆந்திர எல்லையோரத் தெலுங்குச் சாயலும் நம் தமிழில் கலந்துதான் இருக்கின்றன. நாமே மெட்ராஸுக்குப் போனால் நம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இருந்தும் நம் ஸ்டாஃப் ரூமில் அடுத்தவர் பேச்சுக்குச் சிரிப்போம்.

வேலூர் டவுனில் இன்னொரு வகையும் உண்டு. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கும் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் ஏராளம். காந்தி ரோட்டில் கடைப் பலகைகள் வங்காள மொழியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வடகிழக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருவர் தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்தச் சேர்ந்தால், பிள்ளைகள் கண்ணை இழுத்துக் காட்டுவார்கள், பெரியவர்கள் "நேபாளி மிஸ்" என்பார்கள். 2014 ஜனவரியில் டெல்லியில் அருணாசல மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்த பிறகு மத்திய அரசு பெஸ்பருவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரியை நம்பி நூற்றுக்கு மேற்பட்ட வருடமாக வெளியாட்களோடு வாழ்கிற ஊர் இது. லாட்ஜ் வாடகை வாங்கும்போது இருக்கிற மரியாதை பள்ளிக்கூடத்துக்குள் ஏன் இல்லை என்று எனக்குப் புரிவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் சின்னச் சின்ன அன்றாட இழிவுகளுக்கென்று ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'நுண்சீண்டல்' என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் புகார் செய்கிற அளவுக்குப் பெரிதாக இருக்காது. "நீங்க பாத்தா அப்படித் தெரியலையே!" என்று பாராட்டுப் போல வரும். "கோட்டாவா?" என்று விசாரிப்புப் போல வரும். அவர் பாத்திரத்திலிருந்து யாரும் குழம்பு ஊற்றிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் "வயிறு சரியில்லை" என்று பதமாகச் சொல்வார்கள். ஒரே மாதத்தில் ஆறு பேருக்கு வயிறு சரியில்லாமல் போகும், அதுவும் அவர் டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து.

புதியவரை ஏன் குறிவைக்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அரசுப் பள்ளியில் தகுதிகாண் பருவம் முடிந்திருக்காது. பகுதிநேரம், தொகுப்பூதியம் என்றால் அடுத்த வருடம் வேலை உண்டா என்பதே நிச்சயமில்லை. சில தனியார் பள்ளிகளில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர் யாரை எதிர்த்துப் பேசுவார்?

ஒரு கட்டு, ஒரு முடிச்சு

பல வருடங்களுக்கு முன்பு நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் கணக்கு டீச்சராக வந்தார். தேர்வு எழுதி, தரவரிசையில் வந்து, கலந்தாய்வில் இடத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவர். மலையாளிப் பழங்குடி. கேரளா என்று நினைத்துக்கொண்டு "நல்லாத் தமிழ் பேசுறீங்களே" என்று சொன்னவர்களும் உண்டு. பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டப் பெயர்கள் இருக்கும், அதில் வட ஆற்காடும் ஒன்று. மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் 2019இல் மறுபடி மூன்றானது. அந்தப் பட்டியலில் மட்டும் வட ஆற்காடு அப்படியே இருக்கிறது. அந்த டீச்சரைவிட இந்த மண்ணுக்குப் பழையவர் அந்த ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகள் மேஜை மேல் கிடந்தன. வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. சீனியர் ஒருவர் சொன்னார்: "மலையில இருந்து வந்தவங்களுக்குக் கணக்கு எப்படிம்மா வரும்? தேன் அடைக் கணக்குதானே தெரியும்?" அதோடு நிற்காமல் இனத்தைச் சொல்லி இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அறையில் அவர்கள் இருவரைத் தவிர ஆறு பேர் இருந்தோம். மூன்று பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள். நான் ஒரு கட்டுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போட்டு முடித்துவிட்டேன். இருந்தாலும் தலையை நிமிர்த்தாமல் அதை அவிழ்த்து, மறுபடி கட்டினேன். அந்த டீச்சரும் சிரித்தார். அதைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தேன். 'அவங்களே சிரிச்சுட்டாங்க, பரவாயில்லை' என்று நினைத்துக்கொண்டேன். இழிவுபடுத்தப்பட்டவர் சிரிப்பது அந்த இடத்திலிருந்து பத்திரமாக வெளியேறுவதற்கு. எனக்கு அது புரிய நான்கு நாள் ஆனது.

என்னை மாதிரி ஆட்களைப் பற்றி 1968இல் ஒரு பரிசோதனை வந்தது. பிப் லாட்டனே, ஜான் டார்லி என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். கல்லூரி மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். சுவரிலிருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும்படி செய்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர், முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, புகையைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தபோது 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மீதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள். பிறகு கேட்டபோது, அது தீப்புகை என்று தோன்றவில்லை என்று ஏதேதோ காரணம் சொன்னார்கள்.

கல் நெஞ்சக்காரர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் இது ஆபத்தா இல்லையா என்று நாம் முடிவு செய்கிறோம். எல்லாரும் அடுத்தவர் முகத்தையே பார்த்தால் எல்லா முகமும் சும்மா இருக்கும். எங்கள் அறையில் போனைப் பார்த்த இருவரும் என்னைப் பார்த்திருப்பார்கள். நான் சணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதிலேயே ஒரு நல்ல சேதியும் ஒளிந்திருக்கிறது. சும்மா இருப்பது தொற்றும் என்றால், ஒருவர் முகம் சுளிப்பதும் தொற்றும். வீரவசனம் தேவையில்லை. "சார், இது வேண்டாம்" என்ற மூன்று வார்த்தை போதும். அதுவும் வரவில்லையா, சிரிக்காமல் நேராகப் பார்த்து "புரியல சார், இன்னா சொன்னீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஜோக்கை விளக்கச் சொன்னால் யாருக்கும் விளக்க வராது. அல்லது எழுந்து போய் அந்த டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். நாற்காலி மாறுவதை எல்லாரும் பார்ப்பார்கள்.

தனியாகப் பேசும்போது

நான்கு நாள் கழித்து, ஒடுகத்தூர் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் அவரிடம் பேசினேன். "அன்னைக்கு அவர் பேசினது தப்பும்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அங்கதான் இருந்தீங்க அக்கா" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்கு டீச்சர் இல்லையா, எண்ணிச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்போது நானும் வழக்கமான வசனங்களைச் சொல்லியிருக்கிறேன். "அவர் அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது." "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, பழகிடும்." "என்கிட்ட அவர் அப்படி நடந்ததில்லையே." மூன்றும் ஆறுதல் போலத் தெரியும். முதலாவது செய்தவருக்கு வக்காலத்து. இரண்டாவது, படுபவரே மாற வேண்டும் என்ற உத்தரவு. மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அது 'நீ சொல்வது பொய்யாகவும் இருக்கலாம்' என்று சொல்கிறது. அவர் என்னிடம் அப்படி நடக்காததற்குக் காரணம் என் சாதி என்பது எனக்குத் தெரியாதா என்ன?

கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நான் என்ன செய்யணும்?" கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பதில் உடனே வராது. சில பேருக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம், மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். சில பேருக்குப் புகார் எழுத ஆள் வேண்டும். அவரைக் கேட்காமல் நாமே ஹெச்.எம்.மிடம் ஓடிப்போய்ச் சொல்லி, அடுத்த நாள் அவரை எல்லாரும் முறைக்கும்படி செய்துவிடக் கூடாது. உதவி செய்கிற வேகத்தில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது.

தூக்கம் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசைகிறது, பள்ளி வாசலில் கை நடுங்குகிறது என்று சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்வதோடு விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம், இலவசம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. கூடப் போக ஆள் வேண்டும் என்றால் போங்கள்.

அன்று பஸ் வருவதற்குள் அவர் பையிலிருந்து பாடக்குறிப்பேட்டை எடுத்தார். கடைசிப் பக்கங்களில் தேதி வாரியாக எழுதியிருந்தார். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் இருந்தார்கள். 'வேர்க்கடலை' நாளின் பதிவில் ஆறு பெயர்கள். நான்காவது என் பெயர்.

இந்தக் குறிப்பேடு எவ்வளவு முக்கியம் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அன்றன்றைக்கே எழுத வேண்டும். 'கேவலமாகப் பேசினார்' என்று எழுதக் கூடாது, பேசிய வார்த்தையையே எழுத வேண்டும். வாட்ஸாப் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரும் தன் பங்குக்குத் தனியாக ஒன்று எழுதிவைத்தால் அதன் எடையே வேறு.

பிள்ளைகள் சீண்டினால்

இது கொஞ்சம் வேறு மாதிரி. ஸ்டாஃப் ரூமில் பேசுவது வகுப்பறைக்குக் கசியும். சீனியர் சார் எந்தப் பெயர் சொல்லிச் சிரித்தாரோ, அதே பெயர் ஒரு வாரத்தில் கரும்பலகையில் இருக்கும். இப்படி நடக்கும்போது பழைய ஆசிரியர் ஒருவர் அந்த வகுப்புக்குள் புகுந்து அதட்டிவிட்டு வருவார். நல்ல எண்ணம்தான், ஆனால் 'இந்த டீச்சரால் எங்களைச் சமாளிக்க முடியாது' என்று பிள்ளைகளுக்கு அறிவித்தது போல ஆகிவிடும். பிரம்பு எடுப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி தடை, மனரீதியாகத் துன்புறுத்துவதும் சேர்த்து.

எங்கள் பி.இ.டி. (உடற்கல்வி) சார் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. காலை வழிபாட்டில் ஹெச்.எம்.மிடம் சொல்லி, மாவட்டக் கணக்குப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பு இந்த டீச்சருக்கு என்று அறிவிக்கச் செய்தார். எந்தப் பிள்ளைகள் சேரலாம் என்பதை அவரே முடிவு செய்வார் என்றும். குரல் உயர்த்தாமல் அதிகாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதிய பையனோடு வகுப்பாசிரியர் தனியாகப் பேசினார். பெற்றோரை வரவழைக்கும் நிலை வந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போவது நல்லது, ஏனென்றால் பையன் வீட்டிலும் அதே வார்த்தைதான் புழங்கும், தனியாளாகப் பேசப் போகிறவர் மாட்டிக்கொள்வார்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது தமிழக அரசு. அறிக்கை 2024 ஜூனில் வந்தது. கையில் சாதியைக் காட்டும் கலர்க் கயிறு கூடாது என்பது மட்டும்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகவும் கல்வி அலுவலராகவும் போடக் கூடாது என்ற பரிந்துரையும் அதில் உண்டு. பிள்ளைகளின் கயிற்றைப் பற்றிப் பேச நமக்குச் சுலபமாக இருக்கிறது.

எழுதிக் கொடுப்பது

வாய்ப் புகாருக்குக் கால் கிடையாது. வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அடுத்து, தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று போகும். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்வு நாள் இருக்கிறது. 1100 முதல்வரின் உதவி எண். பேச்சு பெண் என்பதை வைத்துப் பாலியல் ரீதியாகப் போனால், பணியிடத்தில் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். சிறிய பள்ளி என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு.

ஆசிரியர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும், இழிவு செய்தவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அதில் 3(1) பிரிவின் கீழ், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவாகப் பேசுவதும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் குற்றங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை வேண்டும் என்று போலீஸ் சொல்ல முடியாது, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். 14566 இதற்கான தேசிய உதவி எண்.

இந்த இடத்தில்தான் பக்கத்து நாற்காலி மறுபடி வருகிறது. அந்தக் குற்றங்கள் இரண்டுக்கும் 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொதுமக்கள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் பார்த்தவர் யார், கேட்டவர் யார், அவர்கள் வந்து சொல்வார்களா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. எங்கள் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் "எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லியிருந்தால், அந்த அறையில் யாருமே இல்லை என்றுதான் ஆகியிருக்கும். நம்முடைய மௌனம் நடுநிலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புகார்த் தாளில் அது எதிர்ச் சாட்சி.

அந்த டீச்சர் போலீசுக்குப் போக விரும்பவில்லை. அது அவர் முடிவு. ஹெச்.எம்.முக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினார். கீழே 'நேரில் பார்த்தவர்கள்' என்று போட்டு நானும், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான பி.இ.டி. சாரும் கையெழுத்துப் போட்டோம். அவரைக் கேட்கும்போது எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரோ, "நீங்க கேக்க மாட்டீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன் டீச்சர்" என்றார். இரண்டு பேராகப் போடுவது நல்லது. ஒருவராகப் போட்டால் அடுத்த குறி அவர்தான். எனக்கும் மூன்று மாதம் சப்ஸ்டிட்யூஷன் கூடுதலாக வந்தது, மதியம் என் டப்பாவிலிருந்தும் யாரும் எடுக்கவில்லை. சங்கத்துக்குப் போனோம். சங்கத்தில் எங்கள் வட்டாரப் பொறுப்பில் யார் இருந்தார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெச்.எம். சொன்ன தீர்வு, "டீச்சருக்கே வேற ஸ்கூலுக்கு டெப்யூடேஷன் போட்டுத் தரவா?" என்பது. இதை எல்லா இடத்திலும் சொல்வார்கள், உதவி மாதிரியே இருக்கும். அடிபட்டவரை இடம் மாற்றினால் அடித்தவருக்கு இடம் அப்படியே இருக்கிறது. அவரே கேட்டால் ஒழிய அதற்குத் தலையாட்டாதீர்கள். அவர் கேட்கவில்லை. சீனியர் சார் "விளையாட்டாகச் சொன்னது, இனி நடக்காது" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. ஜனவரியில் டைம்டேபிள் மாறியது, ஒன்பது 'சி' கடைசிப் பீரியட் வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. இவ்வளவுதான் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து அவராகவே மலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாறுதல் வாங்கிப் போனார்.

போகும்போது அந்தப் புகாரின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். முதலில் எடுத்த நகலைப் பள்ளி பீரோவில் வைத்திருந்தாராம், ஒரு வாரத்தில் காணாமல் போய்விட்டதாம். நகலை வீட்டில் வையுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.